மூர்ச்ச போன கத்தி

— சிரிக்காதிய அத்தான். கடைக்காரர் என்ன நினைப்பாரு?

— பகவதிப்பெருமாள் அண்ணாச்சி குடோனுக்குள்ள போயாச்சு. வேற கத்தி தேடி எடுத்துட்டு வர அர மணிக்கூர் ஆகும். நீ இன்னொரு தவண சொல்லு நாச்சி. அடுத்த வீட்டு ஓமனா சேச்சி என்ன சொன்னா?

— எத்தன தடவ சொல்ல? ஆபீசுலருந்து போன் வந்துச்சுன்னு மதில் பக்கமா வந்தாக. “நாச்சியாரே, தாணுவின்றெ கத்தி மூர்ச்ச போயி, இன்னு வெள்ளத்தில் இறக்கியில்லா”ன்னாக.

— செரி. நீ என்ன கேட்டே?

— தாணு கத்தி, மூர்ச்ச போயின்னு கேட்டேன். நீங்க கத்திக் கூப்பாடு போட்டு, மூர்ச்சையாகி விழுந்துட்டியன்னு. வேற என்னத்த நினைக்க?

— எடி, மலையாளத்துல மூர்ச்சன்னா கூரு. கத்தி மொக்கயாப் போச்சு, அதுனால தாணுமாலையன இன்னைக்குக் கடல்ல இறக்கலன்னாக்கும் சொன்னது. மத்தியானமே வந்துருவேன், சாலைக் கடைத்தெருவுக்கு வந்து நில்லு, கத்தி வாங்கணும்னும் சொல்லச் சொன்னேனே.

— அதுக்கு மேல எனக்குக் காது கேட்டாத்தான? அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு இப்ப வரைக்கும் தெரியல. செருப்பில்லாம கிழக்கேகோட்டை வரைக்கும் ஓடினேன். விழிஞ்ஞம் பஸ்ஸுல நான் அழுத அழுகையப் பாத்து, பக்கத்துல இருந்த பொம்பள என் கையப் புடிச்சுட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டா. வந்து பாத்தா நீங்க பாறை மேல காலாட்டிட்டு கப்பக்கெழங்கும் மீனும் தின்னுட்டு இருக்கிய!

— உனக்கும் ஒரு துண்டு தந்தேன்லா?

— அழுதுட்டு இருக்கவ வாயில திணிச்சிய. நல்ல ஆளு.

— ஆனாலும் கேட்டியா, நீ ஹார்பர் படிக்கட்டுல தலமுடி அவுந்து ஓடி வந்தது இருக்கே... கல்யாணத்தன்னைக்குக்கூட என்ன நீ அப்படிப் பாக்கல.

— போதும். கத்தியப் பாருங்க. திங்கக்கெழம புதுக் கத்தி இல்லாம போனா வேற ஆள எடுப்பேன்னு உங்க ஸ்ரீகண்டன் சார் சொல்லிட்டாராம்லா. இந்தா, இந்த நீளமானது. பளபளன்னு இருக்கு.

— இது பாக்கதுக்கு மட்டும்தான் கொள்ளாம். முனையப் பாரு, ஊசி. அடியில அல தள்ளுத நேரத்துல உருவினா, காத்துக் குழாயையோ சொந்தத் தொடையையோ குத்திரும். முனை மழுக்கமா, உளி மாதிரி வேணும்.

— மழுக்கமா இருந்தா சுறாவ எப்படிக் குத்துவிய?

— சுறாவக் குத்த நான் என்ன கூத்துல ராஜா வேஷமா கெட்டியிருக்கேன்? கத்தி வலைய அறுக்கதுக்காக்கும். நைலான் நூலு வெள்ளத்துக்கு அடியில கண்ணுக்கே தெரியாது. அதுனால ஒரு பக்கம் வெறும் கூரு, மறுபக்கம் ரம்பப் பல்லு. நூலுக்கு அது, தடிச்ச கயறுக்கு இது.

— உங்ககூடக் கடல்ல இறங்குற தங்கப்பண்ணன் காலுல சுத்துச்சே, அந்த மாதிரி வலையா?

— அத உனக்கு யாரு சொன்னா?

— அவரு பொஞ்சாதி.

— ஓ... அவனுக்கு ஒண்ணும் ஆகல்ல. அறுத்துட்டு மேல வந்தான், அம்புட்டுதான். மறுநாளு டீ குடிச்சிட்டு எங்ககூட சிரிச்சுட்டு நின்னான்.

— அவுக வீட்டுல யாரும் சிரிக்கலயாம். அத்தான், தம்பானூர் லாட்ஜுல கணக்கப்பிள்ளைக்குத் துணையா ஒரு ஆள் வேணும்னு மாமா சொல்லி வச்சிருக்காக...

— லாட்ஜுல உக்காந்து ரூம் சாவி எடுத்துக் குடுக்கவா? நான் ஹார்பர் டைவராக்கும். கடலுன்னா எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. பேச்ச மாத்தாத. இந்தக் கைப்பிடியப் புடிச்சுப் பாரு.

— ரப்பரா?

— ஆமா. நனஞ்ச கையில வழுக்கப்பிடாது. கைப்பிடிக்கு அடியில இரும்புக் கட்ட இருக்கு பாத்தியா? சிலிண்டர்ல டங் டங்னு தட்டிக் கூட்டாளியக் கூப்பிடதுக்கு. உறைய காலுக்கு உள்பக்கம் கெட்டணும். வெளிப்பக்கம் கெட்டினா அதுவே போயி வலையில மாட்டும்.

— இந்த ரெண்டுல எது நல்லது? ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.

— இது ஸ்டெயின்லெஸ். துரு ஏறாது, ஆனா கூரு சீக்கிரம் போகும். அதுல கூரு நிக்கும், ஆனா ஒரு நாளு உப்போட விட்டா துரு தின்னுரும். ரெண்டும் சேந்து கெடைக்காது, கேட்டியா. எனக்கு ஒண்ணுதான் புரியல்ல நாச்சி.

— என்னது?

— என் பழைய கத்தி. தெனமும் நல்ல தண்ணில கழுவி, துணியில ஒத்தி, தேங்காண்ண தடவித்தான் உறையில போடுகேன். ஞாயித்துக்கெழம தவறாம தீட்டுகேன். நேத்து மீசைய சிரைக்கலாம் போல இருந்துது. இன்னைக்கு வாழத்தண்டு அறுக்காது. எப்படிப் போச்சு?

— அண்ணாச்சிய இன்னும் காணலயே.

— நாச்சி.

— குடோன் அம்புட்டுத் தூரமா?

— இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு.

— அம்மில தேச்சேன்.

— யாரு?

— நாந்தான். நேத்து சாயங்காலம் நீங்க குளிக்கப் போன நேரத்துல. கூர அம்மில வச்சுத் தேய் தேய்னு தேச்சு, எண்ணயும் தடவி வச்சுட்டேன்.

— எதுக்குட்டி?

— மொக்கக் கத்தியோட சார் யாரையும் இறக்க மாட்டாருன்னு நீங்கதான சொன்னிய? ஒரு நாளாவது கரையில இருப்பியன்னு நெனச்சேன். தங்கப்பண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல அத்தான். நீங்க ஈரத் தலையோட வீட்டுக்குள்ள வாறப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

— பைத்தியக்காரி! நான் அதோட இறங்கியிருந்தா?

— அதத்தான பஸ்ஸு பூரா நெனச்சேன். வலையில மாட்டிட்டிய, கத்தி அறுக்கல, கத்திக் கத்தி மூர்ச்சையாயிட்டிய, எல்லாம் என் கை செஞ்சதுன்னு... நீங்க செத்துட்டா நான் எப்படி...

— எடி, எடி. அழாத. சவத்த விடு. கப்பயும் மீனும் தின்னுட்டு இருந்தேன்லா? இந்தா, என் கையப் புடி. சூடா இல்லியா? சார் ஓரோ ஆளு கத்தியையும் நூலு வச்சு நோக்கிட்டுத்தான் இறக்குவாரு. இன்னைக்கும் நோக்கினாரு, வேண்டாம்னாரு. கத முடிஞ்சுது. பேடிக்காண்டாம், பயத்த விடு.

— அந்த மனுசன் நல்லாருக்கணும். போற வழியில பழவங்காடி பிள்ளையாருக்கு அவரு பேருல ஒரு தேங்கா ஒடைக்கேன்.

— ஒடைக்கலாம், ஒடைக்கலாம். மொதல்ல மூக்கத் தொடை.

— அத்தான், இதையே எடுத்துக்கிடுங்க. முனை மழுக்கம், பல்லு இருக்கு, ரப்பர் புடி இருக்கு. கூரு நிக்கிற இரும்பு. துருவ நான் பாத்துக்கிடுதேன். நீங்க வந்து உறைய அவுக்குற முன்ன நல்ல தண்ணி எடுத்து வைப்பேன். தீட்டவும் சொல்லித் தாங்க. அம்மிப் பக்கம் கொண்டுபோக மாட்டேன், சத்தியமா.

— ம்.

— தம்பானூர் பேச்சையும் இனிமே எடுக்க மாட்டேன். உங்களுக்குக் கடலுதான் உசுருன்னா அப்படியே இருக்கட்டும். திங்கக்கெழம தைரியமா இறங்குங்க. நான் தடுக்கல... என்ன, வாங்காம நிக்கிய? கத்தி புடிக்கலயா?

— புடிச்சிருக்கு. அந்தத் தேங்கா மட்டும் ஒடைக்காண்டாம்.

— ஏன்? சார் பாத்ததாலதான உங்கள இறக்கல?

— சார் நோக்கவே இல்ல நாச்சி. ஷெட்டுல சாணக்கல்லு கெடக்கு, அஞ்சு நிமிஷத்துல தீட்டிட்டு இறங்கியிருப்பேன். தங்கப்பன் மாட்டின நாள்லருந்து வெள்ளத்தக் கண்டாலே எனக்குக் காலு நடுங்குது. அதாக்கும், மொக்கயாப் போன கத்திய நானே கொண்டுபோயி சாருக்கிட்ட காட்டினேன்.