கெட்டித்தலை யானை

உக்காருங்க. எல்லாரும் முதல்ல உக்காருங்க, பேச்ச நிறுத்துங்க. ஆளாளுக்குக் கத்தினா யாருக்கு என்ன கேக்கும்? வாட்ச்மேன் அண்ணே, அந்தத் தடியக் கீழ வைங்க. நான் ஸ்டூல் மேல நிக்கிறேன், கையில கத்திரிக்கோல் வேற இருக்கு, தட்டிவிட்டீங்கன்னா உங்க மேலதான் விழுவேன். மேடம், நீங்க அந்தக் கட்டில்ல உக்காருங்க. உங்க வீட்டுக் கட்டில், என்னையா கேக்கணும்? அந்த மூலையில பலூன் ஊதுறவங்க, நீங்க பாட்டுக்கு ஊதுங்கம்மா. இந்த ரூம்ல வாய வேலைக்கு விட்டுட்டு சும்மா இருக்கிற ஒரே ஆள் நீங்கதான்.

நான் திருடி இல்ல மேடம். திருட வந்தவ குழந்த ரூம்ல ஏறி நின்னு துணி யானைங்க தலைய ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துக்கிட்டு இருப்பாளா? பீரோ அடுத்த ரூம்ல இருக்கு, சாவியும் அதுலயே தொங்குது, வரும்போதே பாத்தேன். இல்ல இல்ல, எடுத்து உள்ள வைங்கன்னு சொல்ல வந்தேன். கேக் கொண்டுவந்த பையன் கதவத் தொறந்து போட்டுட்டுப் போனான், நான் உள்ள வந்தேன். குரல் குடுத்தேன். மெதுவாத்தான் குடுத்தேன், அது என் தப்பு.

நான் யாருன்னா, உங்களுக்கு இந்த யானைத் தோரணம் தைச்சு நேத்து மாட்டிட்டுப் போனாங்கல்ல, அவங்க எங்கண்ணி. நான் நாத்தனார். நாத்தனார்னா சண்ட போடணும், எனக்கு அது வரல, அதனால நூல் கோத்துக் குடுக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு யானை. இறக்குவேன், பிரிப்பேன், தைப்பேன், திரும்ப மாட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். சாயந்திரம் பிள்ளைங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். ஏன்னு மட்டும் கேக்காதீங்க.

கேக்குறீங்களே! சரி, அதுக்குத் தலைவலி.

பாத்தீங்களா, முறைக்கிறீங்க. உள்ள ஊசி மாட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்களே பிச்சுக் கையில குடுத்திருப்பீங்க. ஆனா அண்ணி பேரு நாறிடும். எத்தன ஊசி எடுத்தாங்களோ அத்தனையும் திரும்பக் குத்தி வெச்சாத்தான் எங்களுக்கு அன்னைக்குச் சோறு. அவங்க மேல அந்தப் பழியப் போட மனசு வரல. நல்ல நல்ல பொய்யெல்லாம் இப்படி வீணாத்தான் போகுது.

என்ன அண்ணே? கீழ ஒருத்தர் கர்சீப்பால மூஞ்சியக் கட்டிக்கிட்டு ஸ்கூட்டர் பின்னாடி நிக்கிறாரா? அது எங்கப்பா. கொள்ளைக்கூட்டமெல்லாம் இல்ல. என்ன கேட்டாலும் கையக் கைய ஆட்டுறாரா? ஆட்டுவார். நீங்க இல்ல, போலீசே வந்து கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவார். அந்த யானை கீழ இறங்கலன்னா மனுஷன் இனிமே வாயே தொறக்கமாட்டார் மேடம். அதுதான் விஷயமே. சிரிக்காதீங்க.

எங்க வீட்டு லட்சணத்தச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். அண்ணி தையல் மிஷின் வாங்கினதுலேர்ந்து எங்க வீட்ல துணி காயப்போட்டா திரும்பி வராது, தோரணமாத்தான் வரும். ஜன்னல் திரை மேகமாயிடுச்சு. சோபா உறை நட்சத்திரமாயிடுச்சு. எங்கண்ணன் ஒருநாள் கூட வேலை பாக்குறவர் வீட்டுப் பொறந்தநாளுக்குப் போயிருக்கான். ஹால் பூரா முக்கோண முக்கோணமா துணிக் கொடி. அண்ணாந்து பாக்குறான், ஒரு கொடியில பாக்கெட் இருக்கு. பாக்கெட்டுக்குக் கீழ மைக்கறை இருக்கு. ஆகா, இது நம்ம சட்டையாச்சே! அங்க மூச்சு விடாம கேக்கத் தின்னுட்டு வீட்டுக்கு வந்து அண்ணிகிட்ட, இப்படித்தான் மூக்கால இழுப்பான், ஏஏம்மா, அது என் சட்ட இல்லியா? அண்ணி மிஷின நிறுத்தக்கூட இல்ல. ஆமா, உங்க மேல இருந்தத விட அங்க எடுப்பா இருக்குல்ல? அவன் கொஞ்சம் நின்னு யோசிச்சான். ஆமாம்மா, எடுப்பாத்தான் இருந்துச்சுன்னுட்டு குளிக்கப் போயிட்டான். இதான் எங்க வீட்டு ஆம்பளைங்க.

இப்பல்லாம் விருந்தாளி வந்தா துப்பட்டாவச் சுருட்டி மடியில வெச்சு மேல கைய வெச்சுக்கிட்டுத்தான் உக்காருறாங்க. மேஜை மேல ஒரு துண்டுத்துணி கிடக்கக் கூடாது. கிடந்தா அது எங்கண்ணிக்குச் சொந்தம், ஏதோ ஒரு பொம்மை வயித்துக்குள்ள போயிடும்.

ஐயோ, உங்க யானைங்க மேல் துணி புதுசு மேடம், பயப்படாதீங்க. உள்ள அடைச்சதுதான் பழசு. துவைச்சு, நறுக்கி அடைச்சது. பஞ்சு வெச்சா நாளாக நாளாக் கட்டி தட்டிப்போகும், துணி நறுக்கல்னா பிள்ளைங்க மேல ஏறி மிதிச்சாலும் நிக்கும். நல்ல பக்கம் உள்ள பாக்குற மாதிரி ரெண்டு துணிய வெச்சுச் சுத்தித் தைப்பாங்க, வயித்துல மட்டும் ரெண்டு விரல் போற அளவுக்கு ஓட்டை விடுவாங்க. அது வழியா மொத்த யானையையும் வெளிய இழுத்து, பென்சிலால தும்பிக்கைய நீவி விட்டு, அடைச்சு மூடிட்டாங்கன்னா எங்க தைச்சோம்னு அவங்களுக்கே தெரியாது. அவ்வளவு சுத்தம். இப்ப அந்தச் சுத்தம்தான் நமக்கு எமன்.

ஆனா முதல் யானை பன்னி மாதிரித்தான் வந்துச்சு. நான் சொல்லல, எங்கப்பா சொன்னார். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் அவர். இப்படிக் கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு, டிக்கெட் வாங்காதவனப் பாக்குற மாதிரி பாத்தார். என்னம்மா இது, பன்னியா? யானை மாமா. அப்படியா, அதுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வை. அண்ணிக்கு மூஞ்சி இத்தனூண்டாயிடுச்சு. தும்பிக்கைய நீட்டினாங்க. தண்ணி பைப்ப முழுங்கின பன்னின்னார். காதப் பெருசாக்கினாங்க. குடை பிடிச்ச பன்னின்னார். அண்ணி பிரிக்கிறாங்க, தைக்கிறாங்க, கண்ணத் தொடைக்கிறாங்க, தொடைச்ச கர்சீப்பையும் நறுக்கி அடைக்கிறாங்க.

கடைசில அவரேதான் கோளாறக் கண்டுபிடிச்சார். தலை தொங்குதும்மா. தலை தொங்கினா யானைக்கு என்ன மரியாதை? துணிய இறுக்கி உருட்டி, கெட்டியா ஒரு உருண்டைய முதல்ல தலைக்குள்ள தள்ளு, அப்புறம் சுத்தி அடை. செஞ்சு பாத்தாங்க, நின்னுச்சு! அன்னைலேர்ந்து அப்பாதான் தலை மேஸ்திரி. மேஜை ஓரத்துல உக்காந்து லட்டு பிடிக்கிற மாதிரி உருட்டி உருட்டி வரிசையா வெப்பார், எடுத்து எடுத்து உள்ள தள்ளுவார்.

இவருக்கு ஏன் இந்த அக்கறைன்னு நானும் யோசிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எல்லாம் பார்க் பண்ற வேலை.

எங்கம்மா போய் ரொம்ப வருஷமாச்சு மேடம். அப்புறம் வீடு, பேப்பர், சோறு, தூக்கம், அவ்வளவுதான் மனுஷன். திடீர்னு கொஞ்ச நாளா சாயந்திரம் ஆனா அயர்ன் பண்ண சட்டை. நடக்கப் போறவருக்கு எதுக்குப்பா பவுடர்னு கேட்டா, வேர்க்கும்லங்கிறார். போகும்போது ஒரு நடை, வரும்போது விசில். விசாரிச்சா, பார்க்ல ஒரு அம்மாவாம். டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்தவங்களாம். குரல்னா அப்படி ஒரு குரலாம், கோயில் மணிய மெத்தையில வெச்சு அடிச்ச மாதிரியாம். எனக்கு அது எப்படி அடிக்கிறதுன்னே புரியல, ஆனா அப்பா கண்ண மூடிக்கிட்டுச் சொல்றார். அவங்ககிட்டதான் இவர் அளந்திருக்கார், என் மருமக யானை தைப்பா, பாத்தா பிளிறும்னு பயமா இருக்கும்னு. வீட்ல பன்னி, பார்க்ல யானை! அப்படித்தான் இந்த ஆர்டரே வந்துச்சு. அந்த பார்க்கம்மா உங்க அத்தையாமே?

ஏன் மேடம் இருமுறீங்க? வாட்ச்மேன் அண்ணே, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க.

இருங்க, நான் முடிச்சிடுறேன். அவங்க வீட்ல இல்லைன்னு தெரிஞ்சுதான் தைரியமாப் பேசுறேன். வாசல்ல கால் வெச்சதுலேர்ந்து காதத் தீட்டிக்கிட்டே இருக்கேன், மணியும் அடிக்கல மெத்தையும் அடிக்கல. இருந்தா இத்தன நேரம் நாலு வார்த்தை பேசாமயா இருப்பாங்க, டெலிபோன்ல பேசியே பென்ஷன் வாங்கினவங்க? அவங்க வர்றதுக்குள்ள நான் யானையோட போயிடணும். அவங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க. பலூனம்மா, நீங்களும்தான். தலைய ஆட்டினாப் போதும், ஊதுறத நிறுத்த வேண்டாம்.

உங்க அத்தை நாளைக்குக் காலையில பையன் வீட்டுக்குக் கிளம்புறாங்களாமே, இனிமே அங்கதானாமே. அப்பா ஆடிப் போயிட்டார். அதனால இன்னைக்கு விசேஷத்துக்கு வந்து, ஓரமாக் கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு இருந்தார். என்ன கேள்வின்னு நான் சொல்லணுமா? வாட்ச்மேன் அண்ணனுக்கே புரிஞ்சிடுச்சு, பாருங்க எப்படி வெக்கப்படுறார்.

கண்ணாடி முன்னால நின்னு ஒத்திகை பாத்தார் மேடம். கதவிடுக்குல நான் பாத்தேன். கழுத்த இப்படி நீட்டி, உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா... தொண்டையச் செருமுறார். மறுபடியும், உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா... அதுக்கு மேல போகமாட்டேங்குது. நானே உள்ள போய், இல்லப்பா, ஆட்சேபணை இல்ல, அடுத்த ஸ்டாப்புக்குப் போங்கன்னேன். சீப்ப எறிஞ்சார்.

நேத்துக் காலையில ஒரே ஓட்டம். தோரணத்த முடிச்சாகணும், அண்ணி மிஷின்ல, நான் ரிப்பன்ல, அப்பா தலையில. எல்லாம் முடிஞ்சு கடைசி யானை. அதுக்குத் தலை வந்துச்சு பாருங்க மேடம்! அப்படி ஒரு தலை. நிமிந்து, விறைப்பா, நாட்டையே ஆளப்போற மாதிரி. அண்ணி தூக்கிப் பிடிச்சாங்க. அப்பா கண்ணாடிய எறக்கி, ஏத்தி, மறுபடி எறக்கி, எங்க வீட்ல யாரும் கேக்காத ஒரு வார்த்தை சொன்னார். இது யானை. அண்ணி அழுதுட்டாங்க. அந்த ஈரம் காயிறதுக்குள்ள ஓட்டைய மூடி, மூட்டை கட்டி, இங்க வந்து மாட்டிட்டாங்க.

சாயந்திரம் அப்பா பவுடரெல்லாம் போட்டுக்கிட்டு பார்க்குக்குக் கிளம்பினார். அலமாரியில கிண்ணத்துல கைய விட்டார். வெறும் தண்ணி. அவ்வளவுதான், பார்க்குக்குப் போகல. ராத்திரி சாப்பிடல. காலையில வீட்ல மிச்சமிருந்த மேகம், நட்சத்திரம் எல்லாத்தையும் குடலைக் கிழிச்சுப் பாத்தாச்சு. கடைசில அண்ணிதான் மெதுவாக் கேட்டாங்க, மாமா, நேத்து வேலை பாக்கும்போது பிஸ்கட் சாப்பிட்டீங்கள்ல? அப்ப எடுத்து எதுல சுத்தி வெச்சீங்க?

மஞ்சத்துணியில. மேஜை மேல. உருண்டையோட உருண்டையா. பிஸ்கட் தூள் உறுத்துதுன்னு கழட்டி, அழகா இறுக்கிச் சுத்தி வெச்சிருக்கார், அடுத்த நிமிஷம் அவர் கையாலயே எடுத்துத் தலைக்குள்ள தள்ளிட்டார். வேற ஒண்ணுமில்ல மேடம், அந்த யானைத் தலைக்குள்ள இருக்கிறது எங்கப்பாவோட பல்லு செட்டு. மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும்.

சிரிங்க சிரிங்க. அண்ணே, நீங்களும் சிரிங்க, தடிய மட்டும் கீழ போட்டுடாதீங்க, கால்ல விழும். ஆனா அவர் நிலமைய யோசிங்க. உங்க அத்தை ஒருநாள் சொல்லியிருக்காங்க, இந்த வயசுலயும் எவ்வளவு வரிசையான பல்லு உங்களுக்குன்னு. அத்தோட விட்டிருக்கலாம்ல? எங்கப்பா, பஸ்ல நட்டு கழண்டா நான் பல்லாலதான் கடிச்சு முறுக்குவேன்னு சொல்லிட்டார்! அப்படிச் சொன்னவர் இன்னைக்குப் போய், உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னான்னு கேட்டா வாயிலேர்ந்து வெறும் காத்துதான் வரும். ஃபுங்ஃபளுஃக்கு ஆஃபேஃபண... யாராவது சரின்னு சொல்லுவாங்களா? டாக்டரத்தான் கூப்பிடுவாங்க. அதான் மேடம், அத்தை திரும்பி வர்றதுக்குள்ள...

ஏன் கண்ணக் கண்ணக் காட்டுறீங்க? கண்ணுல தூசியா? மூலையில என்ன? பலூனம்மாதான இருக்காங்க. பாவம், காலையிலேர்ந்து ஊதி ஊதி...

அம்மாடி! ஏம்மா, பலூன வாயிலேர்ந்து எடுத்தாச் சொல்லிட்டு எடுக்கக் கூடாதா, மூஞ்சிலயே வந்து அடிக்குது. என்ன சொன்னீங்க? காதுல விழல, இன்னொரு தடவ சொல்லுங்க.

...

ஐயையோ. மெத்தையில வெச்சு அடிச்ச மணி.

இல்லம்மா, நான் ஒண்ணும் சொல்லல. ஆமாம்மா, எல்லாத்தையும் சொல்லிட்டேன். சரிம்மா. பிரிக்கல. கத்திரிக்கோலக் கீழ வெச்சுட்டேன், பாருங்க. ஜன்னலத் தொறக்கட்டுமா? அப்படியேவா? நீங்க சொன்னத அப்படியேவா?

அப்பா! எப்பா! ஸ்கூட்டர விட்டு வெளிய வாங்க! கர்சீப்ப அவுத்துட்டு மேல வரச் சொல்றாங்க! யாரா? அவங்கதான்! அந்தப் பல்லு சொந்தப் பல்லு இல்லைன்னு முதல் நாளே தெரியுமாம், சிரிக்கும்போதெல்லாம் ஒரு பக்கமா இறங்குதாம்! நல்ல யானையாம், அதக் கிழிக்கக் கூடாதாம், கேள்விய அப்படியே வந்து கேப்பீங்களாம்! இன்னும் இருக்குப்பா, இருங்க! நான் இப்பப் பேசினதுல பாதி நீங்க பேசியிருந்தா, இது போன மாசமே முடிஞ்சிருக்குமாம்!