காணாமல் போன பந்தின் விதி

மணல்குழியில் இறங்கிப் பந்தை அடித்தவன், தன் கால்தடத்தைத் தானே வாரிச் சமப்படுத்திவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் அதற்கென்றே ஒரு வாரி கிடக்கும். அதைச் செய்யாதவர்கள் எல்லாரும் அவசரம் என்பார்கள். அப்புறம் தேநீர் அறையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்து, தாங்கள் அடித்த அடியைப் பற்றி அளந்துகொண்டிருப்பார்கள்.

நீங்கள் கோல்ஃப் ஆடியதில்லை என்றீர்கள், ஆய்வாளர் அம்மா. நல்லதாயிற்று. ஆடாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஆடுகிறவர்களுக்குத்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம். தலை பெருத்த மட்டை வந்த பிறகுதான் ஆட்டமே கெட்டது என்பான் ஒருவன். அந்த மட்டை இல்லாவிட்டால் என் இடுப்பு என்றைக்கோ போயிருக்கும் என்பான் இன்னொருவன். பிடியை இறுக்கு என்பவனும் தளர்த்து என்பவனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வடிகட்டின பொய்களைப் பரிமாறிக்கொள்வார்கள். எனக்கு அபிப்பிராயம் கிடையாது. விதிப்புத்தகம் உண்டு. அந்தக் கிளப்பின் விதிக்குழுத் தலைவனாக இருந்தே எனக்குத் தலை நரைத்தது. முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கறார்' என்பார்கள். அதை நான் வசவாக எடுத்துக்கொண்டதே இல்லை.

செல்லம் என் மனைவியின் தம்பி. பெயர் வேறு. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிளப் முழுக்க அவன் செல்லமாகிவிட்டான். ஜன்னல் கண்ணாடி வியாபாரம். வாயைத் திறந்தால் சிரிப்பு. வாசல் காவலாளியிலிருந்து தலைவர்வரை அவன் தோளில் கை போடாதவர் கிடையாது.

அவன் பெரிய திருடன் இல்லை. அதுதான் தொந்தரவு. மரவேரில் சிக்கிய பந்தைக் கால் விரலால் லேசாகத் தள்ளுவான். பந்து விழ வேண்டிய குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்ற பந்தை, "இது உள்ள போன மாதிரிதான்" என்று எடுத்துப் பையில் போடுவான். மற்றவன் பந்தை உருட்டப் போகிற வழியிலேயே மிதித்து நடப்பான். எதிராளி மட்டையை ஓங்கும்போது அவன் கைபேசி பாடும். தூரம் காட்டும் கருவி ஒன்று வைத்திருந்தான். தூரம் பார்க்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் அவனுடையது மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லும். போட்டியில் அது கூடாது. சொன்னேன்.

"அத்தான், விளையாட்டுதானே" என்றான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் என் மனைவி சொல்லியிருப்பாள். அவன் மட்டை வீசுவது கொடியில் ஈரத்துணியை எறிவது மாதிரி இருக்கும். முழங்கை ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். ஆனால் பந்து வளர்த்த நாய்போல அவன் சொன்ன இடத்தில் போய் உட்காரும். நான் நிலைக்கண்ணாடி முன் நின்று வருடக்கணக்காகப் பழகியவன். என் வீச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. என் பந்துதான் வலப்பக்கம் போகும். இதைப் பொறாமை என்கிறாள் அவள். அவளுக்கு ஆட்டம் தெரியாது.

ஆண்டுக் கூட்டத்தில் அவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். பந்து காணாமல் போனால், தேட மூன்று நிமிடம் உண்டு. கிடைக்காவிட்டால், ஆடுகிறவன் முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய், ஒரு அடி தண்டனையோடு மறுபடி அடிக்க வேண்டும். கடுமையான விதி, ஆனால் நேர்மையானது. அவன் தீர்மானம், திரும்பிப் போகவே வேண்டாம், தொலைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பந்தைப் போட்டுக்கொண்டு இரண்டு அடி தண்டனையோடு மேலே ஆடலாம் என்பது. நேரம் மிச்சமாம். நான் எழுந்து மறுத்துப் பேசினேன். நான் உட்கார்ந்ததும் அவன் எழுந்து, என்னைப்போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குனிந்து, இல்லாத பந்தை இல்லாத நாடாவால் அளந்து காட்டினான். கூடமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கையைத் தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. அடுத்த மாதத்திலிருந்து அந்த விதி. விதிக்குழுத் தலைமையும் அவனுக்கே.

அந்தக் கோபத்தில்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் நடுவராக முடியாது.

அன்றைக்கு இறுதிச்சுற்று. நடுவராக எனக்கு அது கடைசிப் போட்டி. முன்னணியில் செல்லமும் பல் டாக்டர் ஒருவரும் ஒன்றாக ஆடினார்கள். பதினான்காவது ஆட்டப்பகுதி குட்டையானது. மொட்டைக் குன்றின் உச்சியில் அடிமேடை. கீழே பள்ளம் முழுக்க இடுப்பளவு புல். அதற்கு அப்பால் குழியைக் காட்டும் கொடி. காற்று அடியோடு நின்றிருந்தது. மேற்கே வானம் கருத்துக் கிடந்தது. செல்லம் அடித்த பந்து புல்லில் விழுந்தது. இருவரும் இறங்கி வந்து தேடினார்கள். நானும் என் வண்டியிலிருந்து இறங்கி, புல்லுக்குள் ஒரே இடத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடுவது நடுவரின் வேலை இல்லை.

அப்போதுதான் அலுவலக எழுத்தர் கைபேசியில் கூப்பிட்டார். மின்னல் நெருங்கினால் அவர் அறையில் ஒரு விளக்கு எரியும். நடுவர் உத்தரவு கொடுத்தால் சங்கு ஒலிக்கும். ஆடுகிறவர்கள் மட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

"சார், சிவப்பு விளக்கு எரியுது. சங்கு ஊதிடட்டுமா?"

"நான் சொல்றப்போ ஊதுங்க" என்றேன்.

நேரம் முடிந்தது. பந்து தொலைந்ததாக அறிவித்தேன்.

செல்லம் வானத்தை ஒரு பார்வை பார்த்தான். "அத்தான், மறுபடி மேல ஏறணுமா? இங்கயே ஒண்ணு போட்டுக்கறேனே. அதான் கூட்டத்துல பாஸ் ஆயிடுச்சே."

"அடுத்த மாசத்துலேர்ந்து."

"விடுங்க சார். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார் பல் டாக்டர்.

அவருக்கு நிதானமாகவே விளக்கினேன். இரண்டு பேர் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு ஒரு விதியை ஒதுக்கினால், இரண்டு பேரும் போட்டியிலிருந்து வெளியேற வேண்டும். அது புத்தகத்தில் இருக்கிறது. செல்லம் சிரித்தான். "சரி, கறார் சொன்னா கறார்தான்" என்று மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குன்றில் ஏறினான். என் முகத்துக்கு நேராக அவன் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை.

டாக்டரைப் பள்ளத்தின் ஓரத்தில் இருந்த கல் கட்டடத்துக்குள் போய் நிற்கச் சொன்னேன். இடிதாங்கி வைத்த கட்டடம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

செல்லம் அடித்தான். அழகான அடி, பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவன் இறங்கத் தொடங்கினான். பாதி வழி வந்துவிட்டான். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"மேடையில எல்லைக் குறிக்கு முன்னால பந்தை வச்சு அடிச்சிட்டே. ரெண்டு அடி தண்டனை. போய் மறுபடி அடி."

"அத்தான், இடி இடிக்குது!"

"சங்கு ஊதலையே."

அவ்வளவு தொலைவிலிருந்து குறியே தெரியாது என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். நடுவர் தீர்ப்பு சொன்னால் அது தீர்ப்பு. செல்லம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த ஒரு தடவைதான் அவன் சிரிக்காமல் என்னைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு திரும்பி ஏறினான். எத்தனையோ வருடம் தட்டிக்கழித்தவன் அன்றைக்குப் பேசாமல் விதிக்குக் கட்டுப்பட்டான். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, மறைக்க மாட்டேன்.

மட்டை அவன் தலைக்கு மேலே உச்சிக்குப் போனபோது வெளிச்சம் வந்தது. சத்தம் அதோடு சேர்ந்தே வந்தது. கண் தெளிந்து பார்த்தபோது மேடையில் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை. எழுத்தரைக் கூப்பிட்டு, "இப்ப ஊதுங்க" என்றேன்.

டாக்டர் கட்டடத்திலிருந்து குன்றுமேல் ஓடினார். அந்த மழையில் அவன் நெஞ்சை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, மிச்சப் பகுதிகளை ஆடி முடித்தால்தான் அவர் சுற்று செல்லும் என்று நினைவுபடுத்தினேன். காதில் கேட்கக் கூசும் வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். படித்தவர்.

வருத்தமா என்கிறீர்கள். என் மனைவி எழவு வீட்டிலேயே என் சட்டையைப் பிடித்து இதைத்தான் கேட்டாள். மின்னலை நான் அனுப்பவில்லை. அவனை மேலே அனுப்பினேன். இறங்கி வந்தவனை மறுபடி அனுப்பினேன். அது அவன்மேல் விழ வேண்டும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். சங்கைப் பிடித்துவைத்ததும் அதற்காகத்தான். இதை எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். நாளைக்கே அவன் எழுந்து வந்து பந்தைக் கால் விரலால் தள்ளினால், நாளைக்கும் அனுப்புவேன். ஆட்டம் என்றால் யாராவது ஒருவன் விதியோடு நிற்க வேண்டும்.

இதுவா? புல் வெட்டுகிறவர் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தாரா? ஆமாம், அவன் பந்துதான். தேடிய நேரம் முழுக்க என் வலது காலுக்கு அடியில்தான் இருந்தது. கொஞ்சம் அழுத்தித்தான் நின்றேன். அப்படிப் பார்க்காதீர்கள், அம்மா. ஆடுகிறவன் வேண்டுமென்றே மிதித்தால்தான் தண்டனை. நடுவர் மிதித்தால் யாருக்கும் தண்டனை கிடையாது. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.