நடுச்சுவருக்கு மேல் நீட்டிய தட்டு

சுசீந்திரத்தில் உச்சி வெயிலில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை. மெதுவாகப் பேசும் வழக்கம் அவர்களுக்கில்லை.

"நல்ல நேரம் மேம்பாலத்துலயே தீந்துபோச்சு மைனி," என்றாள் ஒருத்தி. அவள் மகளுக்குப் பெங்களூரில் மாப்பிள்ளை. வீடு பார்த்து வெற்றிலைத் தட்டு மாற்றக் குடும்பத்தோடு போனவர்கள், வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டார்களாம்.

"பொறவு?" என்றாள் மைனி எனப்பட்ட அண்ணிக்காரி.

"எங்கள கூட்டிட்டுப் போக வந்த மாப்பிள்ளையும் எதிர்ப்பக்கம் கார்ல மாட்டிக்கிட்டு நின்னான். நேரம் தப்பிரக் கூடாதுன்னு நடுச்சுவருக்கு மேல தட்ட நீட்டுனோம். அவன் வாங்குனதும் அந்தப் பக்கம் வண்டியெல்லாம் நகந்துட்டு. தட்டோட போயிட்டான்."

"வீட்டப் பாத்தியளா?"

"பொறவு போய்ப் பாத்தோம். எம்பது வீடு உள்ள கட்டடம். ஒரு தொட்டில் கெடையாது. புருசனும் பெஞ்சாதியும் ரோட்டுலயே குடியிருந்தா பிள்ள எங்கேருந்து வரும்? நேரம் போச்சுன்னு அவங்க தட்டும் தரல. பாதி நிச்சயந்தான் ஆயிருக்கு."

"மக என்ன சொல்லுதா?"

"தட்டக் கீழ போடாமப் பிடிச்சாருல்லா, அவரு போதும்ங்கா. அந்த ஊருதான் வேண்டாமாம். அவரு நாகர்கோவிலுக்கு வந்து வீட்டுலேருந்தே வேலை பாக்கணுமாம்."

"சம்மதிச்சானா?"

"சம்மதிச்சுட்டான். மீதித் தட்ட எடுத்துக்கிட்டு விடியக்காலமே கார்ல புறப்பட்டாச்சு. நாளைக்குக் காலம்பற நல்ல நேரம்."

அப்போது அவளுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளையா? மதுரை தாண்டியாச்சா?"

"இன்னும் அந்தப் பாலத்துலதான் நிக்கானாம், மைனி."