ஸ்டெல்லாவுக்கு வந்த ஆரஞ்சு

நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் ஆரஞ்சு உரித்து இளையவளுக்குக் கொடுத்தபடி சொன்னாள்:

“பகையாளியும் சுகமா இருக்கணும்னு நினைக்கணுமாம், சனிக்கிழம தோறும் போன்ல நடக்குத புத்தமத வகுப்புல சொன்னாவ. அதுனாலயாக்கும் ஸ்டெல்லாவுக்க பேர சபையில ஜெபத்துக்கு எழுதிக் குடுத்தேன்.”

“மதில் சண்டையில உங்கட்ட பேச்சு மிண்டாம இருக்குத பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்கா?”

“அவளுக்குத்தான். போதகர் பேர வாசிச்சாரு. அவளுக்கு என்னமோ பெரிய சீக்கு தீனமாக்கும்னு எல்லாரும் நெனச்சாச்சு. சாயங்காலம் பெண்கள் சங்கம் முழுக்க வேன் பிடிச்சு அவ வீட்டுக்குப் போயாச்சு. ஆரஞ்சு, ரொட்டி, எளநி. அவளப் பிடிச்சு கட்டில்ல கிடத்தி பாட்டும் பாடியாச்சு.”

“அய்யோ. அவ சும்மா விட்டாளா அக்கா?”

“நேரே எனக்க வீட்டுக்கு வந்தா. மூணு வருஷம் கழிச்சு இப்பந்தான் எங்க முற்றத்த மிதிக்குதா. ‘எனக்கு சாவு நாள் குறிச்சிட்டியாடீ’ன்னு கேட்டா. நான் உள்ளதச் சொன்னேன். அவளுக்குச் சிரிச்சு மாளல்ல. எனக்க நடையிலேயே இருந்து சாயா குடிச்சா. ஆரஞ்சுல பாதியத் தந்துட்டுத்தான் போனா. இது அதாக்கும், தின்னு.”

உதியன்குளங்கரை வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை.

“மனசு நல்ல மனசுதான் அக்கா. கொஞ்சம் யோசிச்சுச் செய்திருக்கலாம்லா?”

மூத்தவள் அடுத்த சுளையை எடுத்தாள்.

“போன வாரம் வகுப்புல கருணைதான் மக்கா எடுத்தாவ. ஞானம் வாற சனிக்கிழமதான் உண்டு.”