உங்க வீட்ல மட்டுமா, தெரு பூராவா?

— என் நாற்காலிக்கு மூணு கொக்கிதான் மாட்டியிருக்கீங்க அண்ணே. பின்னாடி இடது சக்கரம் ஆடுது பாருங்க.

— மாட்டுறேன், மாட்டுறேன். இன்னிக்குக் கையே ஓடல தங்கச்சி.

— எப்படி ஓடும்? நாளையிலேருந்து எனக்கு வண்டி கிடையாதுன்னு உங்க ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சாம். நேத்து சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரர் சொன்னார். தினம் காலையில உங்க மூஞ்சியத்தான் பாக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— பெல்ட் ரொம்ப இறுக்குதா?

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. கிளம்பணும்ல? அடுத்து ஏறவேண்டிய டீச்சரம்மா ஊன்றுகோல ஊணிக்கிட்டு வெயில்ல நிப்பாங்க.

— கிளம்புங்க. ஓட்டிக்கிட்டே பதில் சொல்லுங்க. யாரு நிறுத்தினது? எந்த அதிகாரி? பேரு என்ன? நானும் மின்சார ஆபீஸ்ல நாள் பூரா காதுல போன மாட்டிக்கிட்டு ஊரார் புகார வாங்கறவதான். எப்படிக் கேட்டா வேலை நடக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

— புகாரெல்லாம் வேணாம். நான் சொல்றதக் கேளு.

— அப்ப எப்படிப் போறது? சாதா பஸ்ல ஏற மூணு படி. ஆட்டோக்காரர் சக்கர நாற்காலியப் பாத்ததும் "இப்பத்தான் வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்"ங்கறார், காலங்காத்தால. எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஓடற இந்த வண்டி இல்லன்னா எனக்கு வேலை இல்லண்ணே. அவ்வளவுதான் கணக்கு.

— கொஞ்ச நாள் வீட்ல இருந்துதான் பாரேன். உடம்புக்கும் நல்லது.

— யார் உடம்புக்கு? எனக்கு இடுப்புக்குக் கீழதான் கரண்ட் இல்ல. மேல எல்லாம் நல்லாவே ஓடுது. வீட்ல இருந்தா வர்றவங்க போறவங்க எல்லாம் "பாவம், எப்படிம்மா இருக்கே"ம்பாங்க. ஆபீஸ்ல ஒருத்தரும் அப்படிக் கேக்கறதில்ல. "ஏம்மா, கரண்ட் எப்ப வரும்? தூங்கறீங்களா எல்லாரும்?" அதான் கேப்பாங்க. நான் நின்னுக்கிட்டுப் பேசறேனா, உக்காந்துக்கிட்டுப் பேசறேனான்னு அவங்களுக்கு என்ன தெரியும்? அந்தச் சுகம் உங்களுக்குப் புரியாது.

— புரியுது தங்கச்சி.

— புரிஞ்சா பேரச் சொல்லுங்க.

— பள்ளம் வருது, புடிச்சுக்கோ.

— புடிச்சாச்சு. அண்ணே, கரண்ட் போச்சுன்னு யார் கூப்பிட்டாலும் நாங்க முதல்ல ஒரே ஒரு கேள்விதான் கேப்போம். உங்க வீட்ல மட்டும் போச்சா, தெரு பூரா போச்சா? அதுக்குத் தக்கனதான் ஆள் அனுப்பறது. இப்ப உங்களக் கேக்கறேன். வண்டி எனக்கு மட்டும் நின்னுச்சா, எல்லாருக்குமா?

— டீச்சரம்மா தெரு வந்துடும் இப்ப.

— டீச்சருக்கு நாளைக்கு வண்டி உண்டா?

— உண்டு.

— பார்வை இல்லாத தம்பிக்கு? அந்த பேங்க் தம்பிக்கு?

— உண்டு.

— எங்க தெரு வழியாத்தான் வருமா?

— உன் வாசலத் தாண்டித்தான் வரணும். வேற வழி ஏது?

— அப்ப எங்க வீட்ல மட்டும்தான்.

— விடு தங்கச்சி.

— தெரு பூரா போச்சுன்னா கோளாறு கம்பத்துல. ஒரு வீட்ல மட்டும்னா வீட்டுக்குள்ள. வண்டிய ஓரமா நிறுத்துங்க.

— நேரமாயிடும்.

— நிறுத்துங்கண்ணே.

— சரி. நிறுத்திட்டேன்.

— உங்க ஆபீஸ்லேருந்து எங்களுக்குப் போன் வரல. எங்க வீட்லேருந்துதான் உங்க ஆபீஸுக்குப் போன் போயிருக்கு. அப்படித்தானே?

— "இனிமே அவ வேலைக்குப் போகல, வண்டி வேணாம்"னு உன் வீட்டுக்காரரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். நான் முதல்ல நம்பல. நேத்து சாயந்திரம் உன்ன உள்ள விட்டுட்டுத் திரும்பி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டார். "நீங்க நிறுத்தினதாவே இருக்கட்டுங்க"ன்னார்.

— அவரா? எனக்கு முன்னாடி எந்திரிச்சு, குளிப்பாட்டி, புடவை கட்டி, ஜடை வரைக்கும் போட்டு விடறவர். நேரமாச்சு நேரமாச்சுன்னு என்னை விரட்டறதே அவர்தான். ஜடை கோணல்னு நான்தான் கிண்டல் பண்ணிக்கிட்டுக் கிடப்பேன்.

— அவர் இடுப்பு போயிடுச்சு தங்கச்சி. தினம் தூக்கித் தூக்கி.

— பிடிப்புன்னார். தைலம் தேச்சா சரியாயிடும்னார்.

— நான் கதவச் சாத்தற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு நிப்பார். அதுக்கப்புறம் கண்ணாடியில பாப்பேன். சுவத்தப் புடிச்சுப் புடிச்சு உள்ள போவார். போன வாரம் வாசல் கேட் பக்கத்துல குனிஞ்சவரால நிமிர முடியல. நான்தான் இறங்கிப் போய் நிமித்தி விட்டேன். நீ வண்டிக்குள்ள இருந்து, "ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம் பேசறீங்க"ன்னு சத்தம் போட்டே.

— ஆமா. போட்டேன்.

— உதவிக்கு ஒரு ஆள் வச்சா என்னன்னு அன்னிக்கே அவர்கிட்ட கேட்டேன்.

— வச்சோம். ஒரு அம்மா வந்தாங்க. குளிக்கற இடத்துல என்னை நழுவ விட்டுட்டாங்க, தலையில தையல். ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உக்காந்துக்கிட்டுச் சொன்னார், "இனி உன்ன வேற யாரும் தூக்க வேணாம். நான் இருக்கற வரைக்கும் நீ வேலைக்குப் போவே"ன்னு. என்னமோ உலகத்தையே எழுதிக் குடுத்த மாதிரி எனக்குப் பெருமை.

— அந்த வார்த்தையத்தான் அவரால திருப்பி வாங்க முடியல. முடியலன்னு உங்கிட்ட சொல்ல வாய் வரல. பழியத் தூக்கி வண்டி மேல போட்டுட்டார்.

— எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேலைய விட்டிருப்பேனே அண்ணே!

— விட்டிருப்பே. தன்னாலதான் நீ வேலைய விட்டேன்னு ஆயுசு பூரா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அவர் இருக்கணும்ல?

— ஒரு கர்ச்சீப் இருந்தா குடுங்க.

— இந்தா. துடைச்சது இல்ல, புதுசுதான். அழாத. நான் ஆபீஸ்ல பேசறேன். இன்னிக்கே உன் பேரத் திரும்பச் சேத்தா நாளைக்கே வண்டி வந்துடும்.

— வண்டி வந்துடும். வாசல் வரைக்கும் என்னை யாரு கொண்டு வர்றது?

— வண்டிய எடுக்கறேன் தங்கச்சி.

— கிளம்புங்க. டீச்சர் பாவம், நின்னுக்கிட்டு இருப்பாங்க.

— நான் ஆபீஸ்ல என்னதான் சொல்லட்டும்?

— ஒண்ணும் சொல்ல வேணாம். இனிமே வேலைக்கு வரலன்னு எங்க ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க.

— சொல்லு தங்கச்சி, என்னவானாலும் செய்யறேன்.

— சாயந்திரம் என்னை இறக்கி விடும்போது உங்களையும் உங்க ஆபீஸையும் வாசல்ல வச்சுக் கண்டபடி திட்டுவேன், அவர் காதுல நல்லா விழற மாதிரி. நீங்க பதில் பேசாம தலையக் குனிஞ்சு வாங்கிக்கோங்க.