வெடிக்காத தோட்டா

அப்படியே இரு தம்பி. வெடிக்கலைன்னா வெடிக்கலை, அதுக்காக எந்திரிக்காதே. க்ளிக்னது எனக்கும் கேட்டுச்சு. குழலை அந்த எடது பக்கத்து மண்மேட்டை விட்டு ஒரு நூல் நகத்தாதே. வெரலை மட்டும் ட்ரிகர்லேருந்து எடு. எடுத்துட்டியா. நல்ல பிள்ளை. மூஞ்சிய எடுக்கச் சொல்லலை, வெரலைத்தான் சொன்னேன். கன்னம் கட்டையிலயே இருக்கட்டும்.

ஏன்னா கேக்குறே? உள்ள ஒரு தோட்டா உக்காந்திருக்கு. ட்ரிகரை அழுத்தினதும் துப்பாக்கி ஊசி அதைக் குத்திருச்சு, அது வெடிக்கலை. இனி வெடிக்கவே மாட்டேன்னு அது எழுதிக் குடுக்கலையே. சிலது கொஞ்சம் யோசிச்சுட்டு வெடிக்கும். அது யோசிச்சு முடிக்கிறப்ப குழல் மண்ணைப் பாத்துட்டு இருக்கணும். அவ்வளவுதான் விசயம்.

இரு, என் கையை ஒன் தோள்மேல வைக்கிறேன், தூக்கிவாரிப் போட்டுறாதே. வச்சாச்சு. இப்ப துப்பாக்கி மேல இருக்கிற ஸ்கோப்புக்குள்ளயே பாரு. அங்க தொங்குது பாரு மஞ்சத் தகடு, அதுல எத்தனை அடி பட்டிருக்குன்னு எண்ணிச் சொல்லு. சரியாத் தெரியலையா? மறுபடி முதல்லேருந்து எண்ணு. கணக்கு வாத்தியாருக்கு இது கூட வரலைன்னா எப்படி.

எல்லாம் நீ கொண்டு வந்த தோட்டாவால வந்த வினை. என் கடையில அலமாரி நெறைய நல்லதா அடுக்கி வச்சிருக்கேன். நீ எங்கயோ மலிவுன்னு வாளி வாளியா அள்ளிட்டு வந்திருக்கே. இந்த பாயிண்ட் டூ டூ சின்னத் தோட்டாவுல பத்த வைக்கிற மருந்து நடுவுல கெடையாது, அடி விளிம்புக்குள்ள சுத்திவர மோதிரம் மாதிரி இருக்கும். ஒரு எடத்துல மருந்து சேராம விட்டுப் போச்சுன்னு வை, ஊசி சரியா அங்கயே போய்க் குத்துச்சுன்னா இப்படித்தான் முழிச்சுட்டு உக்காந்திருக்கணும்.

வேற நாளா இருந்தா இதுக்கே ஒன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பேன். ஊருக்குள்ள கேட்டிருப்பியே. லொரீனாவா, அவகிட்ட வாயக் குடுத்துட்டு மீள முடியாதும்பாங்க. இன்னைக்கு மெதுவாப் பேசுறேன்ல, அதுக்கு சந்தோசப்பட்டுக்கோ.

என்ன போதும்? ஒரு நிமிசம் இருந்தாப் போதும்னு புத்தகத்துல போட்டிருக்கா? புத்தகம் எழுதினவன் இந்தச் சுடப் பழகுற எடத்தை நடத்தலை, நான் நடத்துறேன். இன்னும் கொஞ்சம் இரு. ஒன் மாமனார் வீட்டு விருந்து சனிக்கிழமைதானே, அதுக்குள்ள விட்டுருவேன்.

ஆமா, ஒன் மச்சான் என்ன சொன்னான்னே? சாக்பீஸ் புடிக்கிற கை தகர டப்பாவைச் சுடாதுன்னா? யாரு, பர்டெட்டா? அட அவனா. அவனுக்கு வாய்தான் குறி பாக்கும், கை பாக்காது. போன கோடையில இங்க வந்து ஒரு டப்பா தோட்டாவை மேகத்துக்குள்ள விட்டுட்டு, காத்து அடிக்குதுன்னு போயிட்டான். ஒரு எலை அசையலை அன்னைக்கு. நீ சிரிக்காதே, சிரிச்சா தோள் ஆடுது.

வலது பக்கம் ஒண்ணுமில்லை. டக்கு டக்குன்னா மரங்கொத்தியா இருக்கும். ஓசார்க் மலையில மரங்கொத்திக்கா பஞ்சம். நீ தகட்டைப் பாரு.

எனக்குப் புடிச்ச துப்பாக்கி எதுன்னு கேட்டியே, இப்ப சொல்றேன் கேளு. மொதல்ல புடிச்சது பம்ப்பு. முன்கட்டையை இழுத்து இழுத்துத் தள்ளிச் சுடுறது. திருவிழாக் கடையில ஓடுற தகர வாத்தைச் சுடுவாங்களே, அது. கடைக்காரன்கிட்ட மத்தியானம் பூரா நின்னு பேரம் பேசி அதை வாங்கினேன். சாயங்காலம் அவன், அம்மா தாயே எடுத்துட்டுப் போ, என் கண்ணுல மட்டும் மறுபடி படாதேன்னுட்டான். அதை வித்துத்தான் ரெண்டாவது வாங்கினேன். அப்படியே ஒண்ணை வித்து ஒண்ணை வாங்கித்தான் இந்தக் கடை, இந்த மேடு எல்லாம். எவனும் எனக்குத் தூக்கிக் குடுக்கலை.

அப்புறம் லிவரு. ட்ரிகருக்குக் கீழ வளையம் இருக்கும், அதைக் கீழ தள்ளி மேல இழுத்தா அடுத்த தோட்டா ஏறிக்கும். அதை எடுத்தா அறுபது வயசுக்காரனும் மாடு மேய்க்கிறவன் மாதிரி காலை அகட்டிக்கிட்டு நிப்பான். குறி தப்பினாலும் வருத்தப்பட மாட்டான். விக்கிறதுக்கு அதுதான் சுலபம்.

அசையாதேன்னேன்ல. கழுத்து வலிச்சா வலிக்கட்டும்.

சரி, இப்படி வச்சுக்குவோம். நான் சொல்ற வரைக்கும் நீ இப்படியே இருந்தேன்னா, அந்த ஸ்கோப்பு ஒனக்கு சும்மா. காலையில அதோட விலைக்குத்தானே ரெண்டு பேரும் மல்லுக்கு நின்னோம். எடுத்துக்கோ. தோளுல மாட்டுற தோல் வாரும் சேத்து எடுத்துக்கோ. என்ன, இந்தக் கெழவிக்கு என்ன ஆச்சுன்னு பாக்குறியா? என்னைப் பாக்காதே. தகட்டைப் பாரு.

இன்னொரு கையை எதுக்கு ஆட்டுறேனா? நெழல்ல தெரியுதாக்கும். குளவி ஒண்ணு சுத்துது, வெரட்டுறேன். ஒன்கிட்ட வராது, பயப்படாதே.

எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது ஒத்தைத் தோட்டா போல்ட்டு, இப்ப ஒன் கையில இருக்கிறது மாதிரி பக்கத்துப் பிடியைத் தூக்கிப் பின்னாடி இழுக்கிறது. தோட்டா அடுக்கி வைக்கிற மேகசீன் அதுல கெடையாது, ஒவ்வொண்ணாக் கையால போடணும். பத்து இருக்குன்னா மனுசன் பத்தையும் எறைப்பான். ஒண்ணுதான் இருக்குன்னா மூச்சைப் புடிச்சுட்டுச் சுடுவான். கடையில சுவத்துல மாட்டியிருக்கேனே, கட்டையில கீறல் விழுந்தது, அது விக்கிறதுக்கில்ல. யாரு கேட்டாலும் இல்ல. நீ கேக்குறியா? கேட்டா அதையும் தர்றேன் தம்பி. தாராளமா எடுத்துட்டுப் போ. இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் இரு.

கோவம் வருதா? வரட்டும். திட்டு. எனக்கு ஒறைக்காது. ஆனா திரும்பித் திட்டாதே, ஸ்கோப்புக்குள்ளயே பாத்துத் திட்டு. மதியம் ஒனக்கு கிரேவி ஊத்தின பிஸ்கட்டு ரொட்டி நானே போடுறேன், அங்க உக்காந்து மூஞ்சியப் பாத்து நல்லாத் திட்டு.

இரு.

இரு இரு. இன்னும் நாலு எட்டு. இல்ல, ஒன்னைச் சொல்லலை. பேசாம இரு.

ம். சரி. இப்ப போல்ட்டை மேல தூக்கு. மெதுவா. பின்னாடி இழு. விழுந்துச்சா? அதைத் தொடாதே, கெடக்கட்டும். விளிம்புல குண்டூசி குத்தின மாதிரி பள்ளம் தெரியுது பாரு, குத்து சரியாத்தான் விழுந்திருக்கு. தோட்டாதான் சரியில்ல. மேகசீனையும் கழட்டு. துப்பாக்கியைப் பலகை மேல வை. ரெண்டு கையையும் எடு.

இப்ப வலது பக்கம் திரும்பி எவ்வளவு வேணும்னாலும் பாத்துக்கோ.

அந்தா ஓரத்துச் சுவரைத் தாண்டி நம்ம பக்கம் நடந்து வர்றாரே, தலையில காதுமூடி, கையில ஸ்டாப்ளரு, அவர்தான் ஆர்வில். என் புருசன். நீ சுட்டுட்டே இருந்தே, க்ளிக்னதும் சத்தம் நின்னு போச்சுல்ல, வாத்தியாரு முடிச்சுட்டாருன்னு நெனச்சு குறிப்பலகையில டக்கு டக்குன்னு புதுக் காகிதம் அடிக்க இறங்கிட்டாரு. சுடுறாங்க, வராதேன்னு செவப்புக் கொடி மேல பறக்குது, தலைய நிமித்தினாத்தானே. ஒன் குழல் ஒரு முழம் வலது பக்கம் போயிருந்தா அவருக்கு நேரா நின்னிருக்கும். அவருக்குக் காது பாதி செத்துப் போச்சு, மீதியை மூடி வச்சிருக்காரு. நான் கத்தியிருந்தா அவருக்குக் கேட்டிருக்காது, ஒனக்குத்தான் கேட்டிருக்கும். ஆளு நிக்கிறாருன்னு சொல்லியிருந்தா நீ எங்கேன்னு திரும்பியிருப்பே. புதுசா சுடுறவனுக்குக் கண்ணு போற பக்கம் குழலும் போகும். அதான் சொல்லலை.

ஏன் வெளுத்துப் போறே, ஒண்ணும் ஆகலை. நீ நல்லாத்தான் இருந்தே, நான் சொன்னபடி இருந்தே. வரட்டும் அந்தாளு, இன்னைக்கு இருக்கு அவருக்கு. நீ அந்த நாற்காலியைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போடு தம்பி. நான் கொஞ்சம் உக்காந்துக்குறேன்.