குப்பைமேட்டில் நிழல் வளர்த்த தனக்கோடியம்மாள்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பழவேற்காட்டுப் பெரியவர்களே! பள்ளிவாசல் ஜமாத்தாரே! மாதா கோயில் சபையாரே! காட்டூர் உழவர்களே! பசியாவரத்திலிருந்து படகேறி வந்திருக்கும் தாய்மார்களே! படகு கட்டும் ஓடாவி வேதாசலம் உங்களைக் கும்பிடுகிறேன். அம்மாளோடு இந்த மண்ணைக் கொத்தியவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

போய்விட்டார்! கிளிஞ்சல் சுடும் சுண்ணாம்புக் காளவாய் நடத்திய தனக்கோடியம்மாள், நாம் வாயார ‘தோட்டத்தம்மா’ என்று அழைத்தவர், போய்விட்டார்!

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தோட்டத்து நிழல் முன்பு என்னவாக இருந்தது? மறந்துவிட்டோமா? உலாந்தா நாட்டு டச்சுக்காரர் கட்டிய கோட்டை தகர்ந்தபின், அகழிக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே செங்கல் குவியல். அதன்மேல் ஊரே கொட்டியது. உடைந்த சாடி, சாராயக் குப்பி, மக்கிய வலை, மீன் குடல். உலாந்தாக்காரர் கொடி மறுபடி ஏறியது, குப்பை இறங்கவில்லை.

ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் முத்தம்மாள் இதோ அமர்ந்திருக்கிறாள். ஒரு சித்திரையில் அவள் நிறைமாதக்காரி. இறாலை விற்றுவிட்டுப் பசியாவரத்துப் படகுக்குக் காத்திருந்தாள். ஒதுங்க ஒரு மரமில்லை. வெயிலில் சுருண்டு இந்தக் குப்பையிலேயே விழுந்தாள், இங்கேயே பெற்றாள். பிள்ளை அழவே இல்லை. காளவாயிலிருந்து ஓடிவந்த அம்மாள்தான் தன் முந்தானையைக் கிழித்து அதைச் சுற்றினார்.

“ஒரு நெழல் இருந்திருந்தா பொழச்சிருக்குமேடி!” என்றார். மறுநாள் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் அர்ஜுனன் ஐயா அப்போது கேட்டார்: “இன்னா தனக்கோடி, குப்பைய வச்சி தோட்டம் போடுவியா? நான் கிட்டங்கி கட்டலாம்னு பாத்து வச்ச எடம் இது.”

“நீ கொட்னதுதானய்யா இது! நான் வெளியில இருந்து இன்னா கொண்டாரப் போறேன்?”

ஐயா கிட்டங்கிக்கு இடம் அளந்து முளை அடித்தார். பசியாவரத்துப் பெண்கள் கூடைகளோடு வந்து முளைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கவே இல்லை! ஐயாதான் முளையைப் பிடுங்கினார். இன்று கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவர் துக்கமும் நம் துக்கமே.

எதை வீணென்று விட்டார் அம்மாள்? உப்பு மேலே ஏறாமலிருக்கக் கிளிஞ்சல் உடைசலைக் கீழே பரப்பினார். அதன்மேல் காட்டூர் உமியையும் மீன் கழிவையும் போட்டு மட்கவைத்தார். கோட்டைச் செங்கல் நடைபாதையானது. பறக்கும் மணலைக் கிழிந்த வலை பிடித்து நிறுத்தியது. ஓட்டைப் படகுகளை என்னிடம் கேட்டு வாங்கினார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பலகைகள் அவைதாம். பூவரசு தழைத்தது. புன்னை தழைத்தது. எந்தச் சாதியார், எந்த மதத்தார் என்று இங்கே யாரையாவது கேட்டதுண்டா?

வடக்கு மூலை மட்டும் மிச்சம். அங்கே கொத்தும்போதுதான் குப்பிச் சில்லு அம்மாளின் பாதத்தில் இறங்கியது.

“வீட்டுக்குப் போம்மா” என்றேன்.

“கீறல்தாண்டா, நைனா. நீ கொத்து.”

அதை அப்படியே விட்டுவிட்டு நானும் கொத்தினேன். பிறகு தாடை இறுகியது. ரணஜன்னி என்றார் வைத்தியர். வாய் முழுதும் பூட்டிக்கொள்வதற்குமுன் அம்மாள் என்னை அழைத்தார். தன் பிழைப்பைப் பற்றிப் பேசினாரா? இல்லை. “குப்பி இன்னும் கெடக்குது. வெறுங்காலோட யாரும் வரவேணாம்னு சொல்லு” என்றார். அதற்குமேல் பேச்சில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம். உடல் வில்லாய் வளைந்தது. எங்கள் கைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பெரியவர்களே! ஒன்றும் முடியவில்லை!

அம்மாளுக்கு நினைவுக் கல் நாட்டலாம் என்கிறார்கள். நாட்டுங்கள். ஆனால் மேற்கு வரிசைக் கன்றுகளை யாராவது பார்த்தீர்களா? அவர் படுத்த நாள் முதல் நாம் அழுதுகொண்டிருந்தோம். தண்ணீர் ஊற்ற ஒருவரும் வரவில்லை. இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. சில இனித் துளிர்க்காது.

இந்தச் சபை முன் வாக்குக் கொடுக்கிறேன். வடக்கு மூலையை நாங்கள் கட்டைச் செருப்புப் போட்டுச் சுத்தம் செய்வோம். தண்ணீர் முறை தெருவுக்கு ஒரு நாள். இன்று ஓடாவித் தெருவின் முறை. குடங்கள் கிணற்றடியில் இருக்கின்றன. பேச்சு போதும், பொழுது சாய்கிறது, நான் தண்ணீர் சேந்தப் போகிறேன்.